மாடியில் இருக்கும் இரும்புப் பீரோவையும் தேக்குக் கட்டிலையும் சுவர், தரை, நிலை எதுவும் சேதமாகாமல் இறக்குவது எப்படி?

நீங்கள் சொன்ன விவரம் இது: மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் பழைய வீடு, முதல் மாடி, மூன்றடி அகல நடை, அதன் முடிவில் திரும்பி இறங்கும் இரண்டரை அடிப் படி. இறக்க வேண்டியவை ஆறரை அடி இரும்புப் பீரோ, தேக்குக் கட்டில், ஆட்டுக்கல். போவது ஆனையூர்ப் பக்கம், டைல்ஸ் போட்ட புது வீடு. "எத்தனை ஆள் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். ஆள் பலம் போதாமல் பீரோ நசுங்குவது குறைவு. பாதி தூக்கிய நிலையில் திருப்பத்தில் நின்றுகொண்டு "இப்படிச் சாய், அப்படிச் சாய்" என்று யோசிக்கும்போதுதான் நிலைக்கால் பெயர்கிறது, விரல் நசுங்குகிறது.

வழக்கமான ஆறரை அடிப் பீரோ 78 இன்ச் உயரம், 36 இன்ச் அகலம், 19 இன்ச் ஆழம் இருக்கும். உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். மூன்றடி நடையில் செங்கோணமாகத் திரும்ப, படுக்க வைத்த பொருள் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நடையின் அகலத்தை 2.8ஆல் பெருக்குங்கள், அதிலிருந்து பொருளின் தடிமனை இரண்டு மடங்காக்கிக் கழியுங்கள். 36 × 2.8 என்றால் ஏறத்தாழ 101. இரண்டு 19 என்பது 38. மீதி 63 இன்ச். 78 இன்ச் பீரோ படுத்த வாக்கில் அந்த முனையில் திரும்பவே திரும்பாது, எட்டுப் பேர் பிடித்தாலும் சரி. நிமிர்த்தினால் அதே பீரோ 36க்கு 19 அளவுள்ள பெட்டிதான், சுலபமாகத் திரும்பிவிடும். (இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் ஒரே அகலம் என்றால்தான் சரி. ஒரு பக்கம் குறுகலாக இருந்தால் அந்தக் குறைந்த அகலத்தையே போட்டுப் பாருங்கள், தப்பு வராது.)

நிமிர்த்துவதற்கு மேலே இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. படுத்திருக்கும் பீரோவை எழுப்பும்போது அதன் மூலைவிட்டம் மேலே போகும். மூன்றடி நடையில் 36 இன்ச் பீரோ பக்கவாட்டில்தான் கிடக்கும், அதனால் 78க்கும் 36க்கும் மூலைவிட்டத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 86 இன்ச், அதாவது 7 அடி 2 இன்ச். கூரை பத்தடி உயரம் என்றால் கவலை இல்லை. படிக்கு மேலே பரணோ உத்தரமோ தாழ்வாக இருந்தால் அங்கே எழுப்பக் கூடாது, அதற்கு முன்னாலேயே எழுப்பிவிட வேண்டும். பழைய வீட்டு நிலைகள் பல ஆறடிகூட இருக்காது. ஆகவே வாசலுக்கு முன்னால் கிடத்தி, தாண்டியதும் நிமிர்த்தி, திருப்பத்தைக் கடந்தபின் மறுபடி கிடத்தி என்று வரிசையை முதலிலேயே சாக்பீஸால் தரையில் எழுதிவிடுங்கள். "ஏறின பீரோ இறங்காதா?" என்பார்கள். இறங்கும். ஆனால் அது ஏறிய பிறகு யாராவது கிரில் கேட்டோ லாஃப்டோ வைத்திருந்தால் இறங்காது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீரோவைக் காலி செய்யாமல் தொடாதீர்கள். நல்ல தகட்டில் செய்த ஆறரை அடிப் பீரோ காலியாகவே எண்பது கிலோ பக்கம் இருக்கும். பட்டும் பாத்திரமும் நிறைந்திருந்தால் அதற்கு மேல் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாரத்தைவிட மோசமானது உள்ளே நகரும் பொருள்: சாய்க்கும்போது எல்லாம் ஒரே பக்கம் சரிந்து, அந்தப் பக்கம் பிடித்தவரின் கையை மீறிவிடும். லாக்கரில் உள்ள நகையும் பத்திரமும் உங்கள் கைப்பையில் வரட்டும். தட்டுகள் கழன்றால் கழற்றுங்கள். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிட்டு, கதவு திறக்காதபடி மேலும் கீழும் இரண்டு சுற்றுக் கயிறு கட்டுங்கள். கண்ணாடிக் கதவு என்றால் பெருக்கல் குறி போல டேப் ஒட்டி, மேலே அட்டை வைத்துக் கட்டவும். டேப் கண்ணாடியைக் காப்பாற்றாது, உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

தரையைப் பெருக்கியபிறகுதான் இழுக்க வேண்டும். சாக்கு போட்டும் கீறல் விழுகிறதென்றால் காரணம் சாக்கில் சிக்கிய மணல். சிவப்பு ஆக்சைடு தரையிலும் ஆத்தங்குடி டைல்ஸிலும் ரப்பர் மேட் வேண்டாம், கறுப்புத் தடம் விழும். மடித்த பழைய போர்வையே போதும். தேங்காய் எண்ணெய் போட்டு மெழுகிய தரை என்றால் பீரோ நன்றாக வழுக்கும், தள்ளுகிறவர் காலும் வழுக்கும். முந்தின வாரம் எண்ணெய் போடாதீர்கள். தள்ளும்போது பீரோவின் இடுப்புக்குக் கீழே கை வைத்துத் தள்ளுங்கள். மேலே தள்ளினால் கால் ஏதாவது ஒரு விளிம்பில் இடறி, அப்படியே குப்புறச் சாயும்.

இனி படி. இரண்டரை அடிப் படியில் 36 இன்ச் பீரோவை மல்லாக்கக் கிடத்த முடியாது. பக்கவாட்டில், 19 இன்ச் பக்கம் கீழே இருக்கும்படி கிடத்த வேண்டும். போர்வையைப் படியில் விரிக்காமல் பீரோவில் கட்டுங்கள், அப்போதுதான் கூடவே வரும். படி விளிம்பு காரை பெயராமல் இருக்க, சாரம் கட்டுகிறவர்களிடம் இரண்டு நீளப் பலகை வாங்கித் தண்டவாளம் போலப் போட்டு, மேல்முனையை நகராதபடி கட்டிவிட்டு, அதன்மேல் வழுக்கி இறக்கலாம். பீரோவைச் சுற்றி நீளவாக்கில் ஒன்றும் குறுக்கே ஒன்றுமாகக் கயிறு போட்டு, அதன் வால் மேலே போக வேண்டும். மேலே உறுதியான கல் தூணோ காங்கிரீட் தூணோ இருந்தால் கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பிடியுங்கள். அந்த ஒரு சுற்றின் உராய்வே பிடிக்க வேண்டிய பலத்தைப் பல மடங்கு குறைத்துவிடும். படியின் கைப்பிடிக் கிரில்லிலும் கைப்பிடிச் சுவரிலும் கட்டவே கூடாது. வழுக்கும் நைலான் கயிறு வேண்டாம், கட்டைவிரல் தடிமனுள்ள நூல் கயிறு நல்லது.

ஆள் கணக்கு இங்கேதான் வருகிறது: மேலே கயிற்றில் இருவர், பக்கத்தில் ஒட்டியபடி வர இடமிருந்தால் ஒருவர், கீழே ஒருவர். கீழே நிற்பவர் பாரம் தாங்கக் கூடாது, வழி மட்டும் காட்ட வேண்டும். கயிறு நழுவினால் விலகி ஓட அவருக்குப் பின்னால் படி காலியாக இருக்கட்டும், அங்கே நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை முதலில் அனுப்புங்கள். குரல் கொடுப்பவர் ஒருவர்தான். "நிறுத்து" மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். லுங்கி, ரப்பர் செருப்பு, மோதிரம் மூன்றும் படியில் ஆபத்து.

கட்டிலை முழுதாகத் தூக்குவதுதான் அதைக் கெடுக்கும் நிச்சயமான வழி. தலைமாட்டுப் பலகையைப் பிடித்துத் தூக்கினால் சட்டமும் காலும் சேரும் மூட்டு நெம்பப்பட்டு விரியும், பிறகு ஆயுளுக்கும் கிறீச்சிடும். கழற்றுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதுங்கள், கையால் செய்த கட்டிலில் நான்கு மூட்டும் ஒன்றுபோல இருக்காது. துருப்பிடித்த நட்டுக்கு முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மரம் ஊறி மூட்டு இறுகியிருந்தால் இடையில் மரத்துண்டு கொடுத்துக் கொட்டாப்புளியால் தட்டுங்கள், நேரடியாகச் சுத்தியல் வேண்டாம். நட்டு போல்ட்டு எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைமாட்டுப் பலகையிலேயே கட்டிவிடுங்கள்.

ஆட்டுக்கல்லில் குழவியைத் தனியே எடுத்துவிட்டு, கல்லைக் கோணிச் சாக்கில் சாய்த்து உட்காரவைத்து, சாக்கின் நான்கு முனையையும் பிடித்து இறக்கலாம். உருட்ட வேண்டாம், படி போய்விடும். ஃபிரிட்ஜ் நின்றபடியே போகட்டும். சாய்க்க நேர்ந்தால் புது வீட்டில் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்தபின் சுவிட்ச் போடுங்கள். கடப்பா, கிரானைட் பலகைகளைக் கண்ணாடி போல நிறுத்தித் தூக்க வேண்டும், படுக்கப் பிடித்தால் நடுவில் முறியும். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கே ஐந்து கிலோ வரும்.

வண்டிக்குக் குட்டி யானை போதும், அதன் தளம் ஏழடிக்குச் சற்று மேல். பீரோவை மெத்தைமேல் மல்லாக்கக் கிடத்தலாம். சந்துகளில் கேபிள் வயர் தாழ்ந்து தொங்குவதால் நிமிர்த்தி நிறுத்துவதைவிட இது மேல். மேலே பாரம் ஏற்றாதீர்கள். ஆடி முடிந்து வரும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஊரே பால் காய்ச்சும், வண்டியும் ஆளும் கிடைக்காது. சொல்லிவைக்கும்போதே லோடுமேன்களிடம் மாடி எண்ணிக்கை, படித் திருப்பம், வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை அடி நடை என்பதையெல்லாம் சொல்லிக் கூலி பேசுங்கள். சந்து நடையைச் சொல்லாமல் விட்டால்தான் பாதியில் தகராறு வரும்.

புது வீட்டில் பீரோ வைக்கும் இடத்து டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம், பீரோக் கால் அங்கே நின்றால் டைல் விரியும். வைத்தபின் கதவு உரசினாலோ பூட்டு மாட்டாமல் போனாலோ "வழியில் கோணிவிட்டது" என்று ஆசாரியைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் தரை மட்டம்தான் காரணம். பூட்டு இருக்கும் நடுப்பகுதியில் மேலே கதவுகளுக்கு இடையே சந்து விரிந்திருக்கிறதா, ஒரு கதவு கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய கதவு இருக்கும் பக்கத்து முன்காலுக்கு அடியில் தடித்த ரப்பரோ மடித்த தகரமோ செருகி, ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே பூட்டு விழுந்துவிடும்.