வாசகர் கேள்வி: வெடிச் சத்தமும் கறவை மாடும்

கேள்வி: தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் வழியிலேயே வெடி வாங்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன வருஷம் அணுகுண்டு சத்தத்தில் மாடு மிரண்டு, பாலை அடக்கிக்கொண்டது. இந்த முறை வெடிக்கவே கூடாது என்று சொல்லிவிடவா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: அப்படிச் சொல்ல வேண்டாம் அம்மா. எங்கே, எப்போது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். புஸ்வாணம், சங்கு சக்கரம், மத்தாப்பு வீட்டு வாசலில் இருக்கட்டும். சத்த வெடி கொட்டகையை விட்டுத் தள்ளிப் போகட்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் சத்தம் 125 டெசிபெல்லைத் (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது சட்டம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆக 64 மீட்டர் தள்ளினால் 101-க்கு இறங்கிவிடும். வைக்கோல் போர் இருக்கும் வீட்டில் ராக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாடு மிரண்டதும் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும். பாலை இறங்க வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேலையை அது தடுத்துவிடும். பால் மடியிலேயே இருந்தும் காம்புக்கு வராது. அப்போது அதட்டினாலோ காம்பை இழுத்தாலோ இன்னும் அடக்கும். அரை மணி நேரம் விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, கன்றை ஊட்டவிட்டுக் கறங்கள். டாக்டர் சொல்லாமல் பால் இறங்குவதற்கான ஊசி போடாதீர்கள். பால் தேங்கினால் மடிநோய்க்கு வழி என்பதால் அடுத்த வேளையும் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடோ கட்டியோ தெரிந்தால் கால்நடை அவசர உதவி எண் 1962-ஐக் கூப்பிடுங்கள்.

நம் மாநிலத்தில் தீபாவளியன்று வெடி வெடிக்க 2018 முதல் அறிவிக்கப்படும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. காலை நேரம் பல வீடுகளில் கறவையோடு மோதும். அன்று 6 மணிக்குள் கறந்துவிடுங்கள். கொட்டகையில் பல்பு எரியட்டும், வெளிச்சம் பளிச்சிடுவது குறைவாகத் தெரியும். மூக்கணாங்கயிற்றில் கட்டாமல் கழுத்துக் கயிற்றில் கட்டுங்கள். திமிறினால் மூக்கு கிழியும்.

பலரும் மறப்பது எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி. மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னாது, நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, சுவரைத் துளைத்து, பக்கத்திலிருக்கும் இதயம் வரை போகும். மாடு முதுகைக் கூனி நிற்கும், தீவனம் எடுக்காது. காரணம் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். பிள்ளைகளிடம் ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து, எரிந்த கம்பி ஒவ்வொன்றையும் அதில் போடச் சொல்லுங்கள். வாசலில் காந்தத்தையும் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்கு எங்கள் கோயில் சொக்கப்பனைக்குள் வெடி வைக்க வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். சரியா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: சரியில்லை. ஓலை எரியும்போது உள்ளே வெடித்தால் நெருப்புத் துண்டு கூட்டத்தில் விழும். வெடிக்காமல் மிஞ்சியதை யாரும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. சொக்கப்பனைக்கு அழகே ஓலை படபடவென்று எரியும் சத்தம்தான், அது போதும். 15 அடி மரத்துக்கு 3 அடி குழி எடுத்து, கல் போட்டு இறுக்குங்கள். குழி ஆழமில்லாவிட்டால் அடி எரிந்ததும் சாயும். கூட்டம் 30 அடி தள்ளி நிற்க வேண்டும், மேலே மின்கம்பி போகக் கூடாது. ஓலை ஈரம் என்று பெட்ரோல் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து: ஆவி பரவி, பற்றவைப்பவர் மேலேயே பிடிக்கும். இரண்டு வாரம் காய்ந்த ஓலை கட்டி, நீளக் கழியில் எண்ணெய்த் துணி சுற்றிக் காற்று வரும் பக்கம் நின்று பற்றவையுங்கள்.

கேள்வி: வெடிச் சத்தம் கேட்டதும் நாய் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது. வெளியே இழுத்துப் பழக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: இழுக்காதீர்கள், பயம் முற்றும். மாலை 5 மணிக்கே நடக்கவிட்டு, சோறு போட்டு, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் அதிகமாகாது. மனிதர் சாப்பிடும் தூக்க மாத்திரை கூடாது. முன்கூட்டியே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.