கேப்டன் பதில்கள்: ரோஸ்டரும் வீடும்

விமானப்படையில் போக்குவரத்து விமானங்களை ஓட்டி, பிறகு பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் கணவர் விமானப்படை விமானி. விலகிவிட்டுப் பயணிகள் விமானத்துக்குப் போகப்போகிறார். "இனிமேல் வீட்டோடுதான் இருப்பேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் ஆசையை நம்புங்கள் சகோதரி. முதல் சில வருடங்களுக்கு அந்த வாக்கைக் கணக்கில் வைக்காதீர்கள்.

பெரும்பாலான விமான நிறுவனங்களில் சீனியாரிட்டிதான் எல்லாம். படையில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்திருந்தாலும், சேர்ந்த தேதிப்படி வரிசையில் அவர் கடைசி ஆள். தன்னைவிட வயதில் சிறிய கேப்டனுக்குப் பக்கத்தில், வலது இருக்கையில் துணை விமானியாக உட்கார வேண்டும். அதுகூடப் பழகிவிடும். மாத ரோஸ்டர், அதாவது யார் எந்த நாள் பறக்க வேண்டும் என்ற பணி அட்டவணைதான் வீட்டை ஆட்டிப்படைக்கும். விடுமுறை நாட்களை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் கீழே இருப்பவர்களுக்கு. ஸ்டாண்ட்பை என்று ஒன்று உண்டு. சீருடையை இஸ்திரி போட்டு மாட்டி, பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டு, போன் எப்போது வரும் என்று காத்திருப்பது. ஆள் வீட்டில்தான் இருப்பார். ஆனால் மகனை விளையாடக் கூட்டிப்போக முடியாது.

பல நாடுகளில் ஒரு விமானி ஓராண்டில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. நாளுக்கு மூன்று மணி நேரம்கூட வரவில்லையே என்று தோன்றும். அதில் பறக்கும் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. புறப்படும் முன் செய்யும் ஆயத்தம், இரண்டு விமானங்களுக்கு நடுவே காத்திருப்பது, வெளியூர் ஓட்டல் அறை, சிமுலேட்டர் (விமானம்போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) தேர்வு எதுவும் அந்த 1000-ல் சேராது.

இன்னொரு மாற்றத்துக்கும் தயாராக இருங்கள். படைக் குடியிருப்பில் விமானம் திரும்பத் தாமதமானால் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சொல்லாமலே புரியும், குழந்தைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொள்வார். வெளியே வந்தால் அந்தத் துணை கிடையாது. பதிலுக்கு, ஒரே வீடு, ஒரே பள்ளி என்று பிள்ளைகள் வேரூன்றலாம். அது பெரிய லாபம். வேலையில் சேரும் முன்பே, நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வரக்கூடிய இரண்டு பேரைப் பக்கத்தில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ரோஸ்டர் வந்த அன்று நானும் மனைவியும் அதை மேஜையில் விரித்து வைப்போம். பிள்ளைகளுக்கு முக்கியமான நாட்களை அவர் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். அந்த நாட்களை மட்டும் சக விமானிகளிடம் மாற்றிக் கேட்பேன். அவர்கள் கேட்டபோது என் ஓய்வு நாளைக் கொடுப்பேன். மாற்றம் உறுதியாகும்வரை "வந்துவிடுவேன்" என்று பிள்ளைகளிடம் வாய் திறக்க மாட்டேன். அப்பா ஊரில் இல்லை என்பதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். வருவேன் என்று சொல்லி வராமல் போனதை மறக்கவே மாட்டார்கள்.

கேள்வி: என் அப்பா விமானி. வீட்டுக்கு வந்தாலும் பாதி நேரம் தூங்குகிறார். எங்கள்மேல் அக்கறை இல்லையா?

பதில்: அந்தத் தூக்கமே உங்கள்மேல் இருக்கும் அக்கறைதான் கண்ணு. மனித உடம்பு அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணிவரை மிகவும் மந்தமாக இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண் பார்ப்பதை மூளை தாமதமாகத்தான் வாங்கும். அந்த நேரத்தில் இறங்கிவிட்டு வருகிறவர் பகலில் தூங்கியே ஆக வேண்டும். நேர மண்டலம் தாண்டி வந்திருந்தால் இன்னும் சிரமம். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது அட்டையில் ஒரு கடிகாரம் வெட்டி, முள் இரண்டையும் பொத்தானால் கோத்துப் படுக்கையறைக் கதவில் மாட்டினாள். படுக்கும் முன் நான் எழுந்திருக்கப்போகும் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பேன். அதுவரை யாரும் கதவைத் தட்டக் கூடாது. அதற்கப்புறம் நான் முழுக்க அவளுக்கு. நீங்களும் அப்பாவிடம் எழுந்திருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: பணச் சண்டை, சொந்தக்காரர் சண்டை எதுவாக இருந்தாலும் பறக்கப்போகும் முந்தின இரவு வேண்டாம்.

கேள்வி: போர் விமானத்துக்கும் பயணிகள் விமானத்துக்கும் என்ன வித்தியாசம்? (பள்ளி மாணவர்)

பதில்: போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப்போல ஒன்பது மடங்கு அழுத்தம் வரலாம். 60 கிலோ உள்ளவருக்கு 540 கிலோ கனப்பதுபோல் இருக்கும். பயணிகள் விமானத்தில் திரும்புவதே பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது.

கேள்வி: ஆபத்து நேரத்தில் குடும்பம் நினைவுக்கு வருமா?

பதில்: வராது, வரவும் கூடாது. முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போவது என்று பார், அதன் பிறகுதான் பேச்சு. பயிற்சியின் முதல் நாட்களிலிருந்து இந்த வரிசையைத்தான் எங்களுக்குள் ஊற வைக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 போர் விமானம் ஓட்டிய செஸ்லி சல்லன்பெர்கர், 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் உந்துவிசை இழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். அவருக்குக் கிடைத்தது மூன்றரை நிமிடம். 155 பேரும் பிழைத்தார்கள்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் டாமி ஜோ ஷல்ட்ஸ். அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர், கணவரும் விமானி. மகனின் விளையாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும் என்று கணவரோடு பணியை மாற்றிக்கொண்டு, 2018 ஏப்ரல் 17 அன்று பறந்தார். நடுவானில் எஞ்சின் வெடித்தது, சிதறிய துண்டு ஜன்னலை உடைத்தது. ஒரு பயணி இறந்துபோனார். விமானத்தைப் பிலடெல்பியாவில் இறக்கினார், அவரையும் சேர்த்து மற்ற 148 பேரும் பிழைத்தார்கள். வீட்டுக்காகப் பணியை மாற்றிக்கொள்ளும் அம்மாவும், அந்த நேரத்தில் கை நடுங்காத கேப்டனும் ஒரே ஆள்தான்.

படையில் இருந்தபோது ஒருமுறை எஞ்சின் ஒன்றை அணைத்துவிட்டு இறங்கினேன். கடைசி ஆளும் இறங்கி, குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகுதான் கால் தளர்ந்தது. உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். இப்படி எது நடந்தாலும் செய்திக்கு முன்னால் குரல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: மகள் விமானியாக வேண்டும் என்கிறாள். கல்யாணம், குழந்தை என்று வந்தால் முடியுமா? பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. ஷல்ட்ஸ் பற்றி மேலே எழுதியதை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். ஆனால் கட்டணம் கட்டும் முன், விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை தரத்துக்கு வந்தால் அனுமதிப்பார்கள். நிறப் பார்வை, காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். பணத்தைக் கட்டியபிறகு அங்கே தடை வந்து உடைந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். பரிசோதனையில் தேறிவிட்டாள் என்றால் திரும்ப எழுதுங்கள், அடுத்து என்ன என்று விவரமாகச் சொல்கிறேன்.