தம்மை விட்டேன், டீமை விட முடியுமா?

கேள்வி: வயது 34. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. பதினோரு வருடமாக நாளுக்குப் பத்து சிகரெட். நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இருமல் கூடியிருக்கிறது, வாய்ப்புண், படபடப்பு, தூக்கமின்மை. இரண்டு முறை சளியில் லேசாக ரத்தக் கீற்று வந்தது. மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டேன், குறைந்தது. நிகோடின் சூயிங்கம் மென்றால் நெஞ்சு எரிகிறது. டீம் முழுக்க தம் அடிப்பவர்கள். டீ பிரேக்குக்குப் போகாவிட்டால் ஒதுங்கிப் போகிறேன், போனால் கை பரபரக்கிறது. பக்கத்தில் நிற்பது குடிப்பதைவிட ஆபத்தாமே, நெட்டில் படித்தேன். வேப்புக்கு (இ-சிகரெட்) மாறலாமா?

பதில்: டீம் விஷயத்துக்கு வருகிறேன். வாய்ப்புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நடுவில், போகிற போக்கில் ரத்தக் கீற்று என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அது.

புகையை நிறுத்தியதும் சிலருக்குச் சில வாரங்கள் இருமலும் சளியும் கூடும். மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்யும் நுண்ரோமங்கள் மறுபடி வேலைக்கு வருகின்றன, அவ்வளவுதான். ரத்தம் அந்தக் கணக்கில் வராது. ரத்தம் என்றதும் பயம் வரும் புற்றுநோய் இந்த வயதில் அரிது. இருமி இருமி உள்ளே புண்ணாகி வந்த கீற்றாகவும் இருக்கலாம். ஆனால் நம் ஊரில் ‘இல்லை’ என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது காசநோய். புகைப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தமே வராவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. கூடவே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. இந்த வாரமே. கீற்றாக இல்லாமல் ஸ்பூன் அளவுக்கு ரத்தம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்த ஆன்டிபயாட்டிக் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. இருமலுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பவற்றில் லெவோஃப்ளாக்சசின் வகையும் உண்டு. அது காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். நோய் இருந்தாலும் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். ‘குறைந்தது’ என்று நீங்கள் நிம்மதிப்படுவதுதான் எனக்குக் கவலை. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப் கவுன்டர் கிளினிக் இல்லை, சார்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வாய்ப்புண் நிறுத்திய பலருக்கும் வரும், சில வாரத்தில் ஆறிவிடும். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் உங்கள் டீயும் காபியும்கூடக் காரணமாக இருக்கலாம். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டிவிட்டு காஃபினைச் சீக்கிரம் வெளியேற்றும். புகை நின்றதும் அதே டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வேப் இந்தியாவில் 2019இலேயே தடை செய்யப்பட்டது. அதில் இருப்பதும் பெரும்பாலும் நிகோடின்தான். பக்கத்தில் நிற்பது குடிப்பதைவிட ஆபத்து என்பது வெறும் பயமுறுத்தல். அடுத்தவர் புகை கெடுதல்தான், ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் நீட்டும் பாக்கெட்.

சூயிங்கம்மில் தப்பில்லை, நீங்கள் மெல்லும் விதத்தில்தான். டீ குடித்துக்கொண்டே பபிள்கம் மாதிரி மென்றால், நிகோடின் வாயில் உறிஞ்சப்படாமல் வயிற்றுக்குப் போய் எரிக்கும். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீக்குக் கிளம்புமுன் அதை முடித்துவிட்டால், கடை வாசலில் கை அவ்வளவு பரபரக்காது.

சரி, டீம். அப்ரைசல் எப்போது, யார் பேப்பர் போட்டார்கள் என்பதெல்லாம் மீட்டிங்கில் தெரிவதில்லை, பெட்டிக்கடை வாசலில்தான் தெரிகிறது. அதை இழக்கச் சொன்னால் நீங்கள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டீர்கள். அதனால் டீக்குப் போங்கள். முதல் மாதம் மட்டும் கடை உள்ளே பெஞ்சில் உட்காருங்கள். அவர்கள் பற்றவைத்து முடித்ததும் வெளியே வந்து சேர்ந்துகொள்ளுங்கள். டீ வாங்கி வரும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் சூடான டம்ளர் இருக்கிறவனிடம் யாரும் சிகரெட் நீட்ட மாட்டார்கள். ஏக்கம் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அந்த நேரத்தைக் கடத்தினால் போதும். டீமில் மிக நெருக்கமான ஒருவரிடம் மட்டும், ‘நான் கேட்டாலும் கொடுக்காதே’ என்று சொல்லி வையுங்கள். ஊருக்கெல்லாம் அறிவித்தால் ‘மச்சி, ஒரே ஒரு பஃப்’ என்று சீண்டுவதற்கென்றே ஒருத்தன் வருவான்.

அந்த ஒன்றுதான் என்ன செய்துவிடும் என்று தோன்றும். நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. தவறி ஒன்று பிடித்துவிட்டால் அன்றே மறுபடி நிறுத்துங்கள், பாக்கெட் வாங்காதீர்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். இத்தனை நாள் நீங்கள் வாங்கிய பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்ததுதான். கம் போதவில்லையென்றால் மாத்திரைகளும் உண்டு, ஆனால் நேரில் பார்த்து எழுதித் தருபவை. சளி ரிப்போர்ட் வந்ததும் அதோடு வாருங்கள், பேசுவோம்.