கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள், அக்கா

கேள்வி: ஆகஸ்டில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவானாம். பாறைக் கடற்கரை, பாசிபிடித்த மழைக்காடு எல்லாம் உண்டாம். முட்டம் பாறையும் கீரிப்பாறைக் காடும் பார்த்த எனக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது? வயது 61. நடக்க முடியுமா?
- வாசகி, குளச்சல்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், அக்கா. நானும் முட்டத்துக்காரன்தான். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறை ஏறி வளர்ந்த தைரியத்தில் அங்கே ஒரு தப்பு செய்தேன். ரியால்டோ கடற்கரையில் வடக்கே சுமார் 2.5 கிலோமீட்டர் நடந்தால் அலை குடைந்த பாறைவாசல் ஒன்று வரும். கடல் வற்றும்போது அதில் நுழைந்து மறுபக்கம் போகலாம். போனேன். பாறைக்குழித் தண்ணீரில் ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள் கல்லை இறுகப் பிடித்திருந்தன. குனிந்தவன் நேரத்தை மறந்துவிட்டேன். திரும்பும்போது வாசலில் முழங்கால் தண்ணீர். மருமகன் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே வந்தேன். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மூன்றடிதான் வித்தியாசம். அங்கே சாதாரணமாகவே 8 அடி. ரியால்டோவுக்குப் பக்கத்து ஊரான லா புஷ் கடலுக்கான ஏற்ற வற்ற நேரத்தை மகனை முதல்நாளே பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.

வழியெல்லாம் கூழாங்கல். முட்டிவலி இருந்தால் தொடக்கத்திலேயே நின்றுவிடலாம். கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்கள் அங்கிருந்தே தெரியும். கரையில் ஒதுங்கிய பெரிய மரங்களில் மட்டும், அலை கிட்டே வரும்போது உட்காராதீர்கள். தண்ணீர் தொட்டால் உருண்டு ஆளை நசுக்கிவிடும்.

அப்புறம் ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலும் குளிர்காலத்தில். ஆகஸ்ட் நல்ல மாதம். 'ஹால் ஆஃப் மாஸஸ்' பாதை ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர்தான், நிதானமாக நடக்கலாம். ஒரு அட்டைகூட என் காலில் ஏறவில்லை.

நீங்கள் கேட்ட புதுசு அங்கேதான் இருக்கிறது. நம் காட்டில் விழுந்த மரத்தைக் கரையானும் பூஞ்சையும் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே குளிரில் அது மக்க நூறு ஆண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் அதன் முதுகிலேயே விதை விழுந்து கன்றுகள் வரிசையாக முளைக்கின்றன. அடிமரம் மக்கிப்போனதும், மேலே வளர்ந்தவை வேரைக் கால்போல ஊன்றி நிற்கின்றன. ஒன்றில் வேர்களுக்கு நடுவே ஆட்டுக்குட்டி நுழையும் அளவு இடைவெளி. பாசியைத் தொட்டேன், தண்ணீர் மணிக்கட்டுவரை வழிந்தது.

ஃபோர்க்ஸ் ஊரில் ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து காடு ஒரு மணி நேரம். காலை எட்டு மணிக்குள் வாசலில் இருங்கள். கோடையில் கார் வரிசை நீண்டுவிடும்.