ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார், கையெழுத்துப் போடலாமா?

வணக்கம். அக்கா மகன் அமெரிக்கக் கல்லூரியில் 4 வருடம் கூடைப்பந்து ஆடி முடித்துவிட்டான், ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக் கிளப் ஒன்று கூப்பிடுகிறது, ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பணம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட்டின் பங்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் (FIBA) விதி. ஐரோப்பாவில் பெரும்பாலும் அதையும் கிளப்பே தந்துவிடும். அவர் பெயர் ஃபிபாவின் உரிமம் பெற்ற ஏஜென்ட் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் வரி போக எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். வீடு, கார், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் எழுத்தில் வரட்டும். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. மருத்துவப் பரிசோதனைக்குக் கெடு இல்லையென்றால், இரண்டு ஆட்டம் சரியாக ஆடாதவனை "முழங்கால் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வந்து இறங்கிய 2, 3 நாளுக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தகராறு வந்தால் ஜெனீவாவில் உள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் (பிஏடி) விசாரிக்கும் என்ற வரி. அது இல்லாமல் சம்பளம் நின்றால் உள்ளூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதுதான்.

வேறு நாட்டில் ஆடலாம் என்று அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பு தரும் விடுவிப்புக் கடிதம் வராமல் களம் இறங்க முடியாது. அதைக் கிளப் கேட்டு வாங்கும்.

ஆட்டத்தில், பந்து கைக்கு வந்ததும் 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற கல்லூரிக் கடிகாரத்துக்குப் பழகியவனுக்கு அங்கே 24 விநாடிதான். இப்போதே அதில் பயிற்சி எடுக்கட்டும்.