டேட்டா சென்டர் காலத்தில் பி.பிளான் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. ஊரே ஏஐ, டேட்டா சென்டர் என்று ஓடும்போது உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பி.பிளான் என்ற நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பைத்தான் படிப்பேன் என்கிறாளே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் அந்த டேட்டா சென்டரை வைத்தே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் என்றொரு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது. உலகில் டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடங்களில் அது முதன்மையானது. பல ஆண்டுகளாக அங்கே சில நிலப் பயன்பாட்டு மண்டலங்களில், விதிகளுக்கு உட்பட்டு வரைபடம் இருந்தால், அலுவலர் ஒப்புதலோடு கட்டிவிட முடிந்தது. வரி வருமானம் பெருகியது. கூடவே குளிரூட்டும் கருவிகளின் இரைச்சலும் உயரழுத்த மின்கோபுரங்களும் வீடுகளின் பக்கத்தில் வந்து நின்றன. 2025 மார்ச்சில் கவுன்டி நிர்வாகக் குழு அந்தச் சலுகையை நீக்கியது. இனி புதிய திட்டம் பொதுவிசாரணைக்கு வந்து, குழுவின் வாக்கில் தேற வேண்டும்.

பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுன்டியில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. சுமார் 2,100 ஏக்கரை டேட்டா சென்டர்களுக்காக மண்டலம் மாற்றி 2023 டிசம்பரில் ஒப்புதல் தந்தார்கள். பொது அறிவிப்பை முறைப்படி வெளியிடவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ஒப்புதலே செல்லாது என்றது. அவ்வளவு பெரிய திட்டம் ஒரு நடைமுறைத் தவறில் நின்றது. அந்த நடைமுறையை அறிந்தவர்தான் பிளானர், அதாவது பி.பிளான் போன்ற படிப்பு முடித்தவர். வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுவது, இரவில் எவ்வளவு சத்தம் வரலாம், துணைமின்நிலையம் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதுவது அவர் வேலை. சிங்கப்பூர் 2019-இல் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்து, 2022-இல் மின்சிக்கன நிபந்தனைகளோடு மறுபடி திறந்ததற்குப் பின்னாலும் இதே கணக்குகள்தான்.

நம் ஊரிலும் இந்தக் கேள்விகள் வந்தாயிற்று. தமிழ்நாடு 2021-இல் டேட்டா சென்டர் கொள்கையை வெளியிட்டது. சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் போனால் கட்டடங்களைப் பார்க்கலாம். சென்னைப் பெருநகரில் திட்ட அனுமதி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வழியாகவும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை வழியாகவும் போகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் அளவுக்கு கேம்பஸ் வேலைகள் இதில் இல்லை. பலருக்கு எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பும் முடித்த பிறகுதான் நல்ல இடம் அமைகிறது. அரசு வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டா சென்டருக்குள் வேலை செய்பவர்களும் அதன் பிரம்மாண்டத்தைப் பார்க்கையில் குறைவுதான். அதை நம்பி மட்டும் கம்ப்யூட்டர் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: விதிமுறைகளை வரிவரியாகப் படிக்கவும், எதிரெதிர்த் தரப்புகளோடு உட்கார்ந்து பேசவும் அவளுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் தடுக்க வேண்டாம். தயக்கம் இருந்தால் சிவில் இன்ஜினியரிங் முடித்து, கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.பிளானுக்கு வரும் வழியும் உண்டு.

டெல்லி, போபால், விஜயவாடா எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி) கல்லூரிகளில் பி.பிளான் இருக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். அப்புறம், ஜேஇஇ மெயின் விண்ணப்பத்தில் பி.பிளானுக்கான தாள் 2பி-ஐத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். பி.டெக்குக்கான தாள் 1 மதிப்பெண் இதற்குச் செல்லாது என்பதால், பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.