டெல்டாக்காரர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று ஏன் அதிகம் கிளம்புவதில்லை?

உள்மாநிலச் சுற்றுலா என்றால், வேலை நிமித்தம் இல்லாமல், சொந்த மாநிலத்திலேயே வேறோர் ஊருக்குப் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வருவது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இது குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து, ஜனவரி 28-இல் மூடும். குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வயலில் நிற்க வேண்டியிருக்கும். அந்த முறையை விட்டால் நாற்று காயும். ஓய்வு கிடைப்பது சித்திரை, வைகாசியில். சரி, அப்போதாவது போகலாமே என்றால், கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிந்திருக்கும்!

கறவை மாடு இருக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் இருக்கும், ஆசையும் இருக்கும். சாயங்காலம் பால் கறக்க ஆள் வேண்டுமே. நெல் வயலும் அப்படித்தான்.

வயல் இல்லாதவர்களின் கதை வேறு. 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, சென்னைச் சொந்தக்காரர் வந்தால்தான் உள்ளே போகிறவர்களை எனக்குத் தெரியும். (நானும் அதில் ஒருவன்.)

டெல்டாக்காரர்கள் ஊரைவிட்டே நகர மாட்டார்கள் என்பது மட்டும் தவறு: சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்தே போகிறவர்கள் இங்கே ஏராளம், ஆனால் அதை யாரும் சுற்றுலா என்று சொல்வதில்லை.